முதியோர் இல்லச் சமையலறைக்கு எந்த ஃபிரிட்ஜ் வாங்குவது?

"பழைய ஃபிரிட்ஜ் ஓய்ந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் புதிதாக வாங்கித் தருகிறேன் என்கிறார். எத்தனை லிட்டர் சொல்லட்டும்?" முதியோர் இல்லம் நடத்துகிறவர்களிடம் சமையலறை பற்றிப் பேசினால் பெரும்பாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்.

லிட்டர் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்குள் சூடாக எதையாவது வைக்கப் போகிறீர்களா, வைத்தால் எவ்வளவு? முதலில் இதற்குப் பதில் வேண்டும். பதில் தெரிந்துவிட்டால் எந்த வகை, எத்தனை பெட்டி என்பதெல்லாம் பாதி முடிவாகிவிடும். ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு சாதாரண இல்லத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு மாவட்டத் தலைநகருக்குப் பக்கம், ஐம்பது பேர், மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, ஒரு மாஸ்டர், இரண்டு உதவியாளர்கள், வாரத்துக்கு ஒருநாள் முட்டை, ஒருநாள் கோழி. மென்று விழுங்க முடியாமல் மிக்ஸியில் அரைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் சிலர், மூக்குக் குழாய் வழியே உணவு போகிறவர்கள் ஓரிருவர்.

உணவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். இடைப்பட்டதெல்லாம் கிருமி பெருகும் வெப்பம். உலக சுகாதார நிறுவனமும் சரி, நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் சரி, இந்த எண்களைத்தான் சொல்கின்றன. கல்யாண மண்டபத்துக்கும் ஹோட்டலுக்கும் இதே எண்கள்தான். ஆனால் முதியோர் இல்லத்தில் தவறு நடந்தால் விளைவு வேறு. வயதாக ஆக எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. அசிடிட்டிக்காக வருடக்கணக்கில் பான்டோபிரசோல், ஓமிப்ரசோல் போடுகிறவர்களுக்கு வயிற்று அமிலமும் குறைந்துபோயிருக்கும். உள்ளே வரும் கிருமியை முதலில் கொல்வது அந்த அமிலம்தான். இருபது வயதுப் பையன் ஒருநாள் வயிற்றுப்போக்கில் துவண்டு மறுநாள் எழுந்துவிடுவான். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடும் எண்பது வயதுப் பாட்டிக்கு அதே வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பு வற்றி, சிறுநீரகம் தடுமாறி, ஆம்புலன்ஸ் வரைக்கும் போகும்.

ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டால் கவலை இல்லை என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. லிஸ்டீரியா என்றொரு பாக்டீரியா 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டிருக்கும். 2008இல் கனடாவில் பாக்கெட் இறைச்சித் துண்டுகள் வழியே அது பரவி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்தவர்கள். ஆலையில் இறைச்சியைச் சீவும் இயந்திரத்தின் உள்ளிடுக்கில் அது தங்கியிருந்தது பின்னர் தெரிந்தது. 2014 தொடங்கி 2015 வரை அமெரிக்காவின் கன்சாஸ் மாநில மருத்துவமனை ஒன்றில் ஐந்து நோயாளிகளுக்கு லிஸ்டீரியா தொற்று வந்து மூன்று பேர் இறந்தார்கள். அங்கே கொடுத்த மில்க் ஷேக்குக்குப் போட்ட ஐஸ்கிரீம் வழியாக வந்தது அது. குளிர் கிருமியைத் தாமதப்படுத்தும், சாகடிக்காது. அதனால் எந்தப் பெட்டி வாங்கினாலும் அதற்குள் ஒரு பொருள் எத்தனை நாள் இருக்கலாம் என்ற கணக்கும் கூடவே வேண்டும். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு, சமைத்த பொருளை 5 டிகிரியில் ஏழு நாள் வரை அனுமதிக்கிறது. நம் ஊர்ச் சமையலறையில், அதுவும் முதியவர்களுக்கு, நான் 24 மணி நேரத்துக்கு மேல் சம்மதிக்க மாட்டேன். அதே விதித்தொகுப்பில் இன்னொரு விஷயமும் உண்டு: முதியோர் இல்லம் போன்ற இடங்களில் பச்சையாக முளைகட்டிய பயறு பரிமாறவே கூடாது. சத்து என்று நாம் தினமும் கொடுக்கிறோம். ஆவியில் வேகவைத்துக் கொடுத்தால் போயிற்று.

சரி, இந்த ஐம்பது பேர் இல்லத்தில் ஃபிரிட்ஜுக்குள் உண்மையில் என்னதான் இருக்கிறது? பெரும்பகுதி இடத்தைப் பிடிப்பது இட்லி மாவு. ஆளுக்கு மூன்று என்றால் 150 இட்லி, அதற்குச் சுமாராக எட்டு லிட்டர் மாவு. பொங்குவதற்கு இடம் விட்டால் பன்னிரண்டு லிட்டர்ப் பாத்திரம் வேண்டும். இரண்டு நாளுக்குச் சேர்த்து அரைக்கிறவர்கள் என்றால் இரண்டு பாத்திரம். அடுத்தது பால், தயிர். அப்புறம் காய்கறி, கீரை, துருவிய தேங்காய், உரித்த வெங்காயம், முட்டை, கோழி வரும் நாளில் கோழி. மேல் தட்டில் யாருடையதோ இன்சுலின். கதவோரத்தில் யாருக்கோ மகள் கொண்டுவந்த மீன் குழம்பு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். எல்லாவற்றுக்கும் கீழே, இடம் கிடைக்காமல் மூடியைச் சாய்த்து வைத்த மதியச் சாம்பார்.

இதில் மாவு புளித்தது, அமிலம் உள்ளது, ஆபத்து குறைவு. மாவுக்காகப் பெரிய ஃபிரிட்ஜ் வாங்குவதில் தப்பில்லை. தேங்காய்ச் சட்னிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதை மிச்சம் வைக்கவே கூடாது. பயப்பட வேண்டியது அந்தச் சாம்பாருக்கும், சோற்றுக்கும், குருமாவுக்கும்தான். சோற்றில் பேசிலஸ் சீரியஸ், குழம்பிலும் குருமாவிலும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜன்ஸ். இந்த இரண்டு பாக்டீரியாக்களும் கொதியில் சாகாத வித்துகளாகத் தங்கி, உணவு ஆறும் நேரத்தில் முளைக்கின்றன. பின்னது 45 டிகிரி வாக்கில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். முன்னது விடும் வாந்தி நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. "சூடு பண்ணிட்டா சரியாப் போயிடும்" என்று மாஸ்டர் சொல்வது இங்கே செல்லாது.

இப்போது ஒரு கணக்கு. இருபது லிட்டர் சாம்பார் 80 டிகிரியில் இருக்கிறது, அதை 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். சாம்பாரைத் தண்ணீர் மாதிரி எடுத்துக்கொண்டால் வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 6,300 கிலோஜூல். வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்று நொடிக்கு வெளியே தள்ளும் வெப்பம் தோராயமாக 150 ஜூல், அதாவது 150 வாட், என்று வைத்துக்கொண்டால், வேறெந்த வேலையும் செய்யாமல், ஒரு முறைகூடக் கதவைத் திறக்காமல் ஓடினாலே பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் சாம்பாரின் நடுப்பகுதி அதைவிட மெதுவாகத்தான் ஆறும், ஏனென்றால் பருப்பு கரைந்த கெட்டித் திரவம் சுழலாது. அமெரிக்க விதியும் ஆஸ்திரேலிய விதியும் சொல்வது இது: முதல் 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் ஏற்றப்பட்ட சாம்பார் இந்தப் பரீட்சையில் எந்த ஃபிரிட்ஜிலும் தேறாது. தேறாததோடு நிற்காது, பக்கத்தில் இருக்கும் பாலையும் தயிரையும் சூடாக்கிவிடும். ராத்திரி சூடான அண்டாவை உள்ளே தள்ளிய சமையலறைகளில் காலையில் பால் திரிவதற்குப் பால்காரரைக் குறை சொல்வது வழக்கம்.

ஆகவே, எந்த வகைப் பெட்டி என்று பார்க்கும் முன் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, அந்தந்த வேளைக்கு அளவாகச் சமைத்து, சமைத்ததை ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. இன்னொன்று, மொத்தமாகச் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, வேளைக்கு வேளை சூடாக்கிக் கொடுப்பது. இரண்டாவது வழியை பிரிட்டன் மருத்துவமனைகளில் முறைப்படி செய்கிறார்கள். சமைத்து முடித்த அரை மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, 90 நிமிடத்தில் 3 டிகிரிக்கு இறக்கி, சமைத்த நாளும் பரிமாறும் நாளும் சேர்த்து ஐந்து நாளைக்குள் முடித்துவிடுவார்கள். அதற்கு பிளாஸ்ட் சில்லர் என்ற தனி இயந்திரம் வேண்டும். இந்தப் பெட்டி குளிர்ந்த காற்றைப் பலமாக ஊதிச் சூட்டை இறக்கும். ஃபிரிட்ஜைவிட விலை பல மடங்கு. ஐம்பது பேருக்கு இது தேவையில்லை. நம் சாப்பாடும் அதற்கு ஒத்துவராது. மூன்றாம் நாள் ரசத்தை யார் குடிப்பது? நமக்கு முதல் வழிதான். ஆள் கூலி கொஞ்சம் கூடும், கேஸ் கூடும். ஆனால் ஃபிரிட்ஜின் வேலை குளிர்ந்ததைக் குளிராக வைத்திருப்பது மட்டும் என்று ஆகிவிடும்.

அப்படியும் ஏதாவது மிஞ்சும், குறிப்பாக வெந்த பருப்பு. அதற்கு ஐஸ் போதும். பாத்திரத்தை முதலில் தொட்டித் தண்ணீரில் வைத்துக் கிளறி 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் தண்ணீரை மாற்றி ஐஸ் போடுங்கள். இருபது லிட்டரை 40லிருந்து 10க்கு இறக்க ஏழரை கிலோ ஐஸ் உருகினால் கணக்கு சரியாகும், கைக்கு எட்டு ஒன்பது கிலோ வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே 38 டிகிரியில் வரும், அப்போது தண்ணீர்க் கட்டத்துக்கு நேரம் கூடும், ஐஸும் கூடுதலாக வேண்டியிருக்கும்.

இனி பெட்டிகள்.

வீட்டு டபுள் டோர் ஃபிரிட்ஜ் இரண்டு மூன்று வாங்கி வரிசையாக நிறுத்துவது நன்கொடையாளர்களுக்குப் பிடித்த வழி. இதை எடுத்தவுடன் தள்ளிவிட முடியாது. மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார், ஸ்டார் லேபிள் பார்த்து வாங்கலாம், மின்சாரம் குறைவு, ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். குறை வேறிடத்தில். அது ஒரு குடும்பம் திறந்து மூடும் அளவுக்குச் செய்யப்பட்டது. ஐம்பது பேர் சமையலில் காலை ஐந்திலிருந்து எட்டுக்குள் அந்தக் கதவு எத்தனை தடவை திறக்கும் என்று நின்று பார்த்தால் புரியும். பன்னிரண்டு லிட்டர் மாவுப் பாத்திரம் கண்ணாடித் தட்டில் நிற்காது, நின்றால் தட்டு விரியும். பாலைக் கதவில் அடுக்குவார்கள், கதவுதான் பெட்டியிலேயே சூடான இடம். வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி பொருந்தாது என்று பல நிறுவனங்களின் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படித்துவிடுங்கள். அப்படியும் இதைத்தான் வாங்குவது என்றால் தகட்டில் 'டி' வகை என்று இருக்கிறதா பாருங்கள். அது 43 டிகிரி வரை சூடான அறைக்கானது. 'என்' வகை 32 டிகிரியோடு நின்றுவிடும், நம் சமையலறைக்கு அது பொம்மை.

ஹோட்டல்களில் பார்க்கும் ஸ்டீல் பெட்டி, கடைக்காரர்கள் 'ஃபோர் டோர் வெர்டிகல்' என்பார்களே, அதுதான் இந்த அளவு இல்லத்துக்கு அடிப்படை என்பது என் கருத்து. குளிர்விக்கும் திறன் வீட்டு ஃபிரிட்ஜைவிடக் கணிசமாகக் கூடுதல். நாலு சின்னக் கதவு என்பதால் மாவுக்கு ஒன்றைத் திறந்தால் மற்ற மூன்று மூடியிருக்கும், குளிர் முழுதும் கொட்டாது. கம்பித் தட்டு கனத்தைத் தாங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஜி.என். தட்டு என்று கேட்டரிங் கடைகளில் விற்கும் 53 சென்டிமீட்டர் நீள ஸ்டீல் தட்டுகள் பெரும்பாலானவற்றில் நேராக உட்காரும். வீட்டு ஃபிரிட்ஜில் அது நுழைவதே பாடு. ஐஸில் பாதி குளிர்ந்த பருப்பை 65 மில்லிமீட்டர் ஆழத் தட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றினால் ஒரு தட்டில் ஏழு லிட்டர் கொள்ளும், மூன்று தட்டில் ஒரு அண்டா காலி. தட்டையாகப் பரந்த உணவு வேகமாகக் குளிரும். முதல் இரண்டு மணி நேரம் மூடியைக் கொஞ்சம் விலக்கி மேல் தட்டில் வையுங்கள், குளிர்ந்ததும் மூடிவிடுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை இதில்தான் அதிகம். உள்ளே காற்றைச் சுழற்றும் ஃபேன் உண்டா, வெறும் காயில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) மட்டுமா? ஃபேன் இருந்தால் மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கும். காயில் மட்டும் உள்ளது மலிவு, ஆனால் மேலும் கீழும் வித்தியாசம் வரும், பனிக்கட்டியும் படியும். கம்ப்ரஸர் மேலேயா கீழேயா? கீழே இருந்தால் மாவுத்தூளும் எண்ணெய்ப்புகையும், சூட்டை வெளியே விடும் கண்டென்ஸரில் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும். மேலே இருந்தால் அடைப்பு குறைவு, ஆனால் ஷீட் கூரைக்குக் கீழ் நிறுத்தினால் மதியம் மூச்சு முட்டும். ஸ்டீல் 304 என்றால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் 304 இரண்டு மழைக்காலத்தில் துரு காட்டும். 'கிளைமேட் கிளாஸ் 5' என்று தகட்டில் போட்டிருந்தால் 40 டிகிரி அறையில் சோதித்தது, '4' என்றால் 30 டிகிரி. உள்ளூரில் பட்டறையில் செய்து தருகிறவர்கள் இதையெல்லாம் போடமாட்டார்கள். அவர்களில் நல்ல வேலைக்காரர்கள் உண்டு, கூப்பிட்டால் அன்றைக்கே வருவார்கள். ஆனால் கதவு ரப்பரும் இன்சுலேஷனும் எப்படி என்று ஒரு வருஷம் ஓடிய பெட்டி ஒன்றை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு பண்ண வேண்டும்.

இங்கே இன்னொரு தேர்வும் இருக்கிறது. ஆயிரம் லிட்டரில் நாலு கதவுப் பெட்டி ஒன்று வாங்குவதா, ஐந்நூறு லிட்டரில் இரண்டு கதவுப் பெட்டி இரண்டு வாங்குவதா? விற்பனையாளர் முதலாவதைத்தான் சொல்வார், லிட்டருக்கு விலை குறைவு, இடமும் மிச்சம். நான் இரண்டாவதைச் சொல்கிறேன். விலை சற்று ஏறும், கரண்ட் பில்லும் ஏறும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்ப்ரஸர் நின்றால் மெக்கானிக் திங்கள் மதியம்தான் வருவார், அதுவரை ஐம்பது பேரின் பாலையும் தயிரையும் எங்கே வைப்பது? இரண்டு பெட்டி இருந்தால் முக்கியமானதை ஒன்றுக்கு மாற்றிவிடலாம். இன்னொரு லாபம், பச்சை முட்டையும் கோழியும் ஒரு பெட்டி, பாலும் தயிரும் சமைத்ததும் இன்னொரு பெட்டி என்று பிரிந்துவிடும். ஒரே பெட்டியில் வைத்தால் 'சமைத்தது மேலே, பச்சை இறைச்சி கீழே' என்ற விதியை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆளும் நினைவில் வைத்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் கோழிப் பையை மேல் தட்டில் வைத்து, அது தயிர்மேல் சொட்டினால் முடிந்தது கதை.

கண்ணாடிக் கதவு விசி கூலர் மலிவாகக் கிடைக்கும், குளிர்பான நிறுவனம் சும்மாவே தருவதும் உண்டு. ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலைக் காட்சிக்கு வைக்கச் செய்யப்பட்டது அது. கண்ணாடி வழியே சூடு உள்ளே வரும். பால் பாக்கெட்டுக்கும் பழத்துக்கும் உதவும், சமைத்ததற்கு வேண்டாம்.

மேலே மூடி திறக்கும் டீப் ஃப்ரீசரைப் பலர் ஐஸ்கிரீம் கடைப் பெட்டி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, மூடியை மேலே திறந்தால் அது கீழேயே தங்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் பெட்டிகளை மேல்மூடியோடு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபிரிட்ஜாகவும் ஓடும் 'கன்வெர்டிபிள்' வகையை வாங்கி அதையே பிரதான ஃபிரிட்ஜாக வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தோதுப்படாது. அடியில் போனது அடியிலேயே கிடக்கும், பழையது கீழே, புதியது மேலே என்று ஆகிவிடும். தட்டு கிடையாது, பச்சையையும் சமைத்ததையும் பிரிக்க முடியாது, உதவியாளரின் இடுப்பும் போய்விடும். ஐஸுக்கும், ஐஸ் பாட்டில்களுக்கும், மைனஸ் 18இல் வைக்க வேண்டியவற்றுக்கும் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எட்டு ஒன்பது கிலோ ஐஸ் அங்கிருந்துதான் வர வேண்டும்.

ஆள் உள்ளே நடந்து போகும் அளவுக்குப் பெரிய குளிர் அறையான வாக்-இன் அறையை நூற்றைம்பது, இருநூறு பேருக்கு மேல் போனால் யோசிக்கலாம். அதற்குக் கீழே அது பாதி காலியாக ஓடி முழு மின்சாரம் தின்னும்.

அடுத்து கரண்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் வரை, சில நாள் சாயங்காலம் வரை நீளும். மூடியே வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பொதுக்கணக்கு. நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அவர்களின் சமையலறை நம்முடையதைவிடக் குளிர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நாலை மூன்றாகக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அறிவித்த நிறுத்தம் என்பதால் திட்டமிடலாம். முந்தின இரவே ஐஸ் பாட்டில்களைப் பால் இருக்கும் தட்டுக்கு மாற்றி, அன்றைக்குக் கோழி வாங்காமல், கதவில் 'திறக்காதே' என்று ஒட்டிவிடுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் ஃபிரிட்ஜ் லைன் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லிஃப்டும் விளக்கும் சேர்ந்திருக்கும், சமையலறை விட்டுப்போயிருக்கும். இரண்டு பெட்டிக்கும் தனித்தனி ஸ்டெபிலைசர். வீட்டு இன்வெர்ட்டரில் ஸ்டீல் பெட்டியை ஓட்ட முயலவேண்டாம்.

இன்சுலினைச் சமையலறையை விட்டு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு 2லிருந்து 8 டிகிரி வேண்டும், உறைந்தால் பயனில்லை. ஸ்டீல் பெட்டியில் காற்று வரும் வழியில் வைத்தால் உறைய வாய்ப்புண்டு, உறைந்து உருகியது பார்வைக்கு எல்லா நேரமும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. நர்ஸ் அறையில் பூட்டுள்ள சின்ன வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்று, மருந்துக்கு மட்டும். நன்கொடையாளர் வீட்டு ஃபிரிட்ஜ்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் இந்த வேலைக்குக் கேளுங்கள்.

குழாய் உணவு உள்ளவர்களுக்கு அரைத்த கஞ்சியையும் கூழையும் ஒரு நாளுக்குச் சேர்த்து அரைத்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மிக்ஸி ஜாடி, வடிகட்டி, ஸ்பூன் என்று அது பல கைகளும் பாத்திரங்களும் பட்டு வருவது, சமையலறையிலேயே ஆபத்தான பொருள் அதுதான். வேளைக்கு வேளை அரைப்பதே மேல். முடியாதென்றால் அரைத்த உடனே சின்னச் சின்ன மூடி டப்பாக்களில் பிரித்து, ஐஸில் குளிரவைத்து, நேரம் எழுதி, சமைத்தது வைக்கும் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

பிறந்தநாள் சாப்பாடு, திதிச் சாப்பாடு பற்றிச் சொல்லாமல் போனால் இந்த ஒப்பீடு நம் ஊருடையதாக இருக்காது. பன்னிரண்டரைக்கு வருகிறோம் என்றவர்கள் இரண்டு மணிக்கு அண்டாவோடு வருவார்கள். எழுபது பேருக்கு இருக்கும், சாப்பிடுவது ஐம்பது பேர். மிச்சத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகச் சொல்வார்கள். உபரி உணவைப் பகிர்வதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2019இல் தனி விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கும்போது கைக்கு உதவுவது ஒரு குச்சித் தெர்மாமீட்டர்தான். அண்டாவின் நடுவில் குத்திப் பாருங்கள். 60க்கு மேல் இருந்தால் உடனே பரிமாறலாம். 45இல் இருந்தால், எத்தனை நேரமாக அப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, நன்றி சொல்லி விலக்கிவிடுவதுதான் வழி. சங்கடம்தான். "அடுத்த முறை அரிசி, பருப்பாகக் கொடுங்கள், உங்கள் பேரிலேயே இங்கே சமைக்கிறோம்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து வந்த சமைத்த உணவுக்கு ஃபிரிட்ஜில் இடமில்லை என்று எழுதி ஒட்டிவிட்டால் மாஸ்டருக்கும் பேச்சு மிச்சம்.

அந்தக் குச்சித் தெர்மாமீட்டர் சரியா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கிக் குச்சியை விட்டால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 என்று சோதிப்பவர்கள் ஊட்டியில் ஏமாந்துவிடுவார்கள், அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஃபிரிட்ஜ் கதவின் மேல் ஒளிரும் எண்ணை முழுக்க நம்பவேண்டாம், அது ஒரு மூலையின் காற்றை அளக்கிறது. மேல் தட்டில் ஒரு பாட்டில் தண்ணீர், கீழ்த் தட்டில் ஒரு பாட்டில் தண்ணீர் நிரந்தரமாக இருக்கட்டும். காலையில் கதவை முதலில் திறப்பவர் அதில் குச்சியை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதட்டும். காற்று நொடியில் மாறும், தண்ணீரின் வெப்பம்தான் தயிரின் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆக, ஐம்பது பேருக்கு நான் எழுதித் தரும் பட்டியல் இது. ஃபேன் உள்ள இரண்டு கதவு ஸ்டீல் பெட்டி இரண்டு. ஐஸுக்குச் சின்ன டீப் ஃப்ரீசர் ஒன்று. மருந்துக்கு வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்று. ஜி.என். தட்டுகள் மூடியோடு ஆறு, குச்சித் தெர்மாமீட்டர் இரண்டு. இருபது பேருக்குள் இருக்கும் இல்லம் என்றால் 'டி' வகை வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டே போதும், பிரித்து வைக்கும் ஒழுங்கு இருந்தால். பணம் ஒரு பெட்டிக்குத்தான் இருக்கிறதென்றால் இரண்டு கதவுப் பெட்டி ஒன்றை இப்போது வாங்கிவிட்டு, பழைய ஃபிரிட்ஜைப் பழுதுபார்த்துக் காய்கறிக்கு வைத்துக்கொண்டு, அடுத்த நன்கொடைக்குக் காத்திருங்கள். நாலு கதவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

பெட்டி வந்து இறங்கிய அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். சுவரிலிருந்து விற்பனையாளர் சொல்லும் இடைவெளி விட்டு, அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்தி, எல்லாத் தட்டிலும் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கி ஒரு ராத்திரி ஓட விடுங்கள். காலையில் நாலு மூலைப் பாட்டிலையும் அளந்து பாருங்கள், 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்புறம் எல்லா அடுப்பும் எரியும் மதியச் சமையலின்போது, வழக்கம்போலத் திறந்து மூடிவிட்டு, ஒரு மணிக்கு மறுபடி அளங்கள். 5க்கு மேல் எந்தப் பாட்டில் போனாலும் மெக்கானிக்கை அன்றே வரச் சொல்லி, அதைச் சரிபார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.